நிலம்பூர்த் தேக்கு வனம்

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையாள தேசத்துக்குள் இறங்கும் மலைப்பாதை, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களை மேலே விட்டுவிட்டு, மூங்கிலும் கொடியும் பின்னிக் கிடக்கும் இயற்கை வனத்தினூடே வளைந்து வளைந்து வழிக்கடவில் சமவெளியைத் தொடும்போது, மலைக்காற்றின் குளிர்ச்சி முழுவதும் நீங்கி, வைகாசி மாதத்து மலபார் வெப்பம் உடலைச் சூழ்ந்துகொள்கிறது. அங்கிருந்து எடக்கரையைத் தாண்டி நிலம்பூரை நோக்கிச் செல்லச் செல்ல, ரப்பரும் கமுகும் மாறி மாறி வந்து, பிறகு சாலையின் இரு மருங்கிலும் வேறொரு காட்சி தொடங்குகிறது. ஒரே வயதும் ஒரே உயரமும் உடைய தேக்கு விருட்சங்கள் கயிறு பிடித்து நட்ட வரிசையில் நிற்கின்றன. கோடையில் இலை முழுவதும் உதிர்த்து நின்றவை முதல் மழை பெய்ததும் தளிர்த்து, முறம் போன்ற புது இலைகளை விரித்திருக்கின்றன. அந்தத் தளிரில் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினால் கை செக்கச் சிவந்துபோகும். எங்கள் காரோட்டி, இதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே இரண்டு இலைகளைப் பறித்து முன்கண்ணாடியின் அருகில் வைத்துக்கொண்டார்.

இந்த வனம் தானாக முளைத்ததன்று. அரசாங்கமே விதையிட்டு, நாற்று வளர்த்து, நட்டு, காத்து, பருவம் வந்தபின் வெட்டி, பகிரங்க ஏலத்தில் விற்று, வெட்டிய நிலத்தில் மறுபடியும் நட்டு வருகிற காரியம் இங்கே ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. உலகில் தேக்கை மனிதன் தோட்டமாகப் பயிரிட்ட இடங்களில் முதன்மையானது நிலம்பூர் என்பதை வன சாஸ்திரம் படித்தவர் எவரும் அறிவர். ஒரு தலைமுறை நட்டதை இரண்டு தலைமுறை கழித்து வருபவர் அறுக்கும் இத்தகைய விவசாயத்தை, ஆண்டுதோறும் வரவு செலவு பார்க்கும் ஓர் அரசாங்கம் எப்படி நடத்துகிறது என்று நேரில் பார்க்கவேண்டும் என்பதே எனது பிரயாணத்தின் நோக்கம்.

மலபாரின் தேக்குக்குப் பழங்காலந்தொட்டே கடல் கடந்த கீர்த்தி உண்டு. தேக்கில் இயல்பாக அமைந்த எண்ணெய்ப் பசை காரணமாக அது நீரில் எளிதில் உளுப்பதில்லை; கரையானும் அதை விரும்புவதில்லை. ஐரோப்பியர் கப்பல் கட்டிய ஓக் மரத்தில் அடித்த இரும்பாணி துருவேறி அரித்துப் போவதைப் போலத் தேக்கில் அடித்த ஆணி அரித்துப் போவதில்லை. இங்கிலாந்தில் ஓக் மரங்கள் அருகிவந்த காலத்தில், பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சி சிற்பிகள் பிரிட்டிஷ் கடற்படைக்காக மலபார்த் தேக்கில் போர்க்கப்பல்கள் கட்டினார்கள். இலங்கைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி 1817இல் பம்பாயில் வெள்ளோட்டம் விடப்பட்ட 'டிரிங்கோமலி' என்ற கப்பல், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. இத்தனை உறுதியான மரம் வேண்டும் என்ற பேராசையே மலபார்க் காடுகளுக்கு வினையாக வந்தது. 1806இல் காப்டன் வாட்சன் என்பவர் மலபாருக்கு வனக் காவலராக நியமிக்கப்பட்டார்; பதவியின் பெயர்தான் காவல்; நடந்தது ஏகபோகம். ஜனங்கள் விறகு பொறுக்குவதற்கும் தடை ஏற்பட்டு, நிலச்சுவான்தார்களும் குடிகளும் ஒருசேர முறையிட்டதன் பேரில், சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். அடக்குமுறை நீங்கியது நல்லதே. ஆனால் அதன்பின் வியாபாரிகளின் கோடரிக்கும் தடை இல்லாமற் போய், ஆற்றங்கரையோரம் கட்டை மிதக்கவிடக்கூடிய தூரத்தில் நல்ல தேக்கு அரிதாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஹென்றி வாலன்டைன் கனோலி என்பவர் 1840இல் மலபார் ஜில்லாவின் கலெக்டராக வந்தார். அழிந்த காட்டுக்குப் பதில் காட்டை உண்டாக்குவதே வழி என்று அவர் மேலிடத்துக்கு எழுதி, நிலம்பூர்க் கோவிலகத்தாரிடமும், ஜன்மிகள் எனப்பட்ட வேறு நிலச்சுவான்தார்களிடமும் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். உத்தரவு வந்தது, நிலம் வந்தது, விதை மட்டும் முளைக்கவில்லை. தேக்கின் கொட்டை கல் போன்றது. மெத்தென்ற மேலுறைக்குள் கெட்டியான ஓடும், அந்த ஓட்டுக்குள் சிறிய அறைகளும், அவற்றுள் வித்தும் இருக்கும். காட்டில் வெயிலும் மழையும் நெருப்பும் மாறி மாறிப் பட்டு ஓடு தளர்ந்தபின், ஓராண்டிலோ ஈராண்டிலோ, தன் இஷ்டப்படி முளைப்பது அதன் சுபாவம். முதல் சில ஆண்டுகள் நிலம்பூரில் போட்ட விதைகள் பெரும்பாலும் வீணாயின. காட்டுத்தீயின் வேலையைத் தாமே செய்வதாக எண்ணி மேலே புல்லைப் போட்டு எரித்துப் பார்த்ததும் உதவவில்லை.

கனோலியின் கீழ் உத்தியோகம் ஏற்றுக்கொண்ட சாத்து மேனோன் என்ற மலையாளி அந்த வேலையைப் பொறுப்பேற்றபின்தான் காரியம் கைகூடியது. விதையை ஊறவைத்து, கோடைக் கடைசியில் நாற்றங்காலில் ஊன்றி, ஈரம் உலராமல் வைக்கோலால் மூடி, மாலைதோறும் நீர் தெளித்து, முளைத்த கன்றுகளை மழை வலுத்தபின் எடுத்து நடுவது என்ற முறையை அவர் நிலைப்படுத்தினார். இன்று கேட்டால் எந்தத் தோட்டக்காரனுக்கும் தெரிந்த விஷயம் போலத் தோன்றும். ஆனால் அன்று அதற்கு முன்மாதிரியே கிடையாது. கனோலி 1855இல் கோழிக்கோட்டில் தம் பங்களாவில் கொலையுண்டு இறந்தார். சாத்து மேனோன் அதன்பின்னும் 1862 வரை இந்த வனத்தைக் கட்டிக் காத்தார். அவர் காலத்தில் இங்கே நடப்பட்ட தேக்கு பத்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்வார்கள். டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் தலைமையில் இந்திய வன இலாகா தோன்றியது 1864இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, வனக் கல்லூரி எதிலும் படிக்காத ஒருவர் நிலம்பூரில் காடு வளர்த்துக் காட்டிவிட்டார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

அருவாக்கோட்டில் ஆற்றைக் கடந்து, சாலியாறும் குறுவன்புழையும் கூடும் இடத்துக்கு அருகில் உள்ள கனோலித் தோட்டத்துக்குள் காலை வேளையில் சென்றோம். 1846இல் நட்ட தேக்கு அங்கே நிற்கிறது. 2.31 ஹெக்டேர், அதாவது ஆறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இடம். நூற்றுச் சொச்சம் மரங்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த மரங்களின் நடுவே நின்று மேலே பார்த்தவனுக்கு ஏக்கர்க் கணக்கு மறந்துபோகும். பெரியதொரு மரம் நாற்பத்தாறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, அடியில் நான்கு மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்டு, முதல் கிளை விடும் வரையில் நேர்த்தூணாக எழும்பியிருக்கிறது. பட்டை சாம்பல் நிறத்தில் நெடுக வெடித்து, மெல்லிய பட்டைகளாக உரிகிறது. அடிமரத்தில் சுவர் போன்ற விலாப்புடைப்புகள் தோன்றியிருக்கின்றன. ஒன்றின் இடுக்கில் நின்றால் ஆள் பாதி மறைந்துபோகிறான். மரத்துக்கு மரம் இலக்கமிட்ட தகடு அடித்திருக்கிறார்கள்.

இந்தச் சிறு துண்டும் தப்பிப் பிழைத்த கதை விசேஷமானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மரத்தின் தேவை தலைக்கு மேல் போய், 1846ஆம் ஆண்டுத் தோட்டத்தையும் வெட்டுவதென்று தீர்மானமாயிற்று. பெரும்பகுதி வெட்டவும் பட்டது. எஞ்சிய இந்தப் பகுதியை மட்டும் 1943இல் நிரந்தரப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். யுத்த மும்முரத்தில், ஒவ்வொரு தடியும் காசாகிற வேளையில், இது நிற்கட்டும் என்று எழுதிய அந்த அதிகாரியின் கைக்கு வந்தனம் சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு குறை எனக்கு உண்டு. வாசலில் பெரிதாக நிலைத்திருப்பது கனோலியின் பெயரே. வருகிறவர்கள் எல்லாரும் 'கனோலி பிளாட்' என்று சொல்லிப் போகிறார்கள். சாத்து மேனோனை அறிவதற்கு நூல்களைத் தேட வேண்டியிருக்கிறது. கலெக்டரின் சங்கல்பம் இல்லாமல் இந்த வனம் இல்லை என்பது மெய். மேனோனின் கை இல்லாமலும் இல்லை. இருவர் பெயரையும் சேர்த்தே இந்த இடத்தை அழைப்பதுதான் நியாயம்.

இங்கிருந்து, இளந்தோட்டம் நடும் இடம் ஒன்றுக்கு வனக் காவலர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். முந்தைய கோடையில் முதிர்ந்த தேக்கை வெட்டி எடுத்த கூப்பு அது. அடிக்கட்டைகள் மட்டும் நிலத்தோடு நிலமாக நிற்க, சருகெல்லாம் எரித்துத் துப்புரவு செய்யப்பட்டு, வரிசைக்கு மூங்கில் முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. கன்றுகளைத் தேடிய எனக்கு அங்கே கன்று எதுவும் தென்படவில்லை. ஈரச் சாக்கில் சுற்றியிருந்த கட்டுகளை ஒரு பெண்மணி பிரித்தபோது, உள்ளே இருந்தவை இலையற்ற வெறுங்குச்சிகள். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். நாற்றங்காலில் ஓராண்டு வளர்ந்த தேக்கங்கன்றைப் பிடுங்கி, மேலே தண்டை இரண்டு விரற்கடை மட்டும் விட்டு அரிந்துவிட்டு, பக்க வேர்களையும் சீவி, ஆணிவேரையும் ஒரு சாணளவில் நறுக்கினால் இந்தக் குச்சி கிடைக்கிறது. இலை இல்லாததால் வாடுவதற்கு எதுவும் இல்லை. வேரில் சேமித்து வைத்த உணவு உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஒருவர் கடப்பாரையால் நிலத்தில் குத்தித் துளையிட, அடுத்தவர் குச்சியைச் செருக, காற்றுப் புகாதபடி கடப்பாரை நுனியால் பக்கத்து மண்ணை நெட்டி இறுக்கிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு குச்சிக்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை. முதல் மழைக்கும் பெருமழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் நட்டுவிட்டால் முளை வருவது நிச்சயம் என்றும், பெருமழை பிடித்துக்கொண்டபின் நட்டால் வேர் அழுகும் என்றும் காவலர் சொன்னார். அந்தப் பெண்மணி செருகிவிட்டுப் போன குச்சி ஒன்றைக் குனிந்து பார்த்தேன். மண்ணுக்கு மேல் ஓர் அங்குலம் தெரிந்தது. அதன் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு மொட்டு வெளிறிய பச்சையாகப் புடைத்திருந்தது.

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஆகவே ஒரு ஹெக்டேருக்கு 2,500 குச்சிகள். அறுபது ஆண்டுகள் கழித்துக் கடைசி வெட்டின்போது அங்கே நூறு, நூற்றைம்பது மரங்களே இருக்கும். இடையில் போனவற்றில் பெரும்பாலானவை தாமாகப் பட்டுப்போனவை அல்ல; திட்டமிட்டு எடுக்கப்பட்டவை. நான்காம் ஆண்டில் மூலைவாக்கில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை எடுத்துவிடுகிறார்கள். எட்டாம் ஆண்டில் மீண்டும் ஒரு முறை. அதன்பின் பதின்மூன்று, இருபது, முப்பது, நாற்பது என்று வயது ஏற ஏற, எந்த மரம் எந்த மரத்தை நெருக்குகிறது என்று கண்ணால் பார்த்துத் தேர்ந்து வெட்டுகிறார்கள். நெருக்கி நடுவது கன்று பக்கவாட்டில் கிளைக்காமல் ஒளியைத் தேடி நிமிர்ந்து ஓடுவதற்காக; பின்னர் நெருக்கத்தைக் குறைப்பது ஓடிய மரம் பருப்பதற்காக. இந்தக் காரியத்தில் காலந்தாழ்த்துவது போன்ற துரோகம் வேறில்லை. உரிய வயதில் விலக்காத தோட்டத்தில் மரங்கள் குச்சி குச்சியாக ஓங்கி நிற்கும். பிற்பாடு எத்தனை இடம் கொடுத்தாலும் இழந்த பருமனை மீட்க முடியாது. வனத்தில் கோடரி விழும் சப்தம் கேட்டாலே பாவம் என்று நினைக்கப் பழகிய நாம், நல்ல நிர்வாகத்தின் பாதி இந்தக் கோடரியிலேயே இருக்கிறது என்பதை இங்கே வந்து பார்த்தறிய வேண்டும்.

அப்படி வெட்டிய மரமெல்லாம் அருவாக்கோடு, நெடுங்கயம் ஆகிய இடங்களில் உள்ள சர்க்கார் டிப்போக்களுக்கு வந்து சேர்கிறது. டிப்போவுக்குள் நுழைந்தவுடன் தேக்கின் வாசனை, பதனிட்ட தோலை நினைவூட்டும் அந்த உலர்ந்த கார வாசனை, மூக்கில் ஏறுகிறது. தடிகளைச் சுற்றளவும் நீளமும் குறையும் பார்த்துத் தரம் பிரித்து, லாட்டு லாட்டாக அடுக்கி, முனையில் சுத்தியல் முத்திரையும் இலக்கமும் இட்டிருக்கிறார்கள். ஏலம் இப்போது கணினி வழியாக நடக்கிறது என்றாலும், மரத்தைப் பார்க்காமல் விலை சொல்லும் வியாபாரி இல்லை. அங்கே பொள்ளாச்சிப் பக்கத்தில் மரமில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடி தடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் நிமிர்ந்து, "ஏனுங்க, கட்டை எடுக்க வந்தீங்களா?" என்றார். இல்லை, பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"முதல்ல ரெண்டு முனையும் பார்க்கோணுங்க, நடுவுல பொக்கை விழுந்திருந்தா அங்கயே தெரிஞ்சுபோகும். அப்புறம் சுத்தி வந்து முண்டு எத்தனைன்னு எண்ணோணும். ஒரு முண்டுக்கு உள்ள எவ்வளவு கெட்டுக் கெடக்குதுன்னு அறுத்தாத்தான் தெரியுமுங்க. நிலம்பூர்க் கட்டையில அந்தப் பயம் கொறைச்சல்" என்று சொல்லி, ஒரு தடியின் வெட்டு முகத்தைக் கையால் துடைத்துக் காட்டினார். வெளிச்சுற்றில் இரண்டு விரல் அகலம் வெளுப்பு. அதற்குள் முழுதும் தேன் நிறத்தில் வைரம் பாய்ந்து, ஆண்டு வளையங்கள் சீராக ஓடின. எண்ணிக்கொண்டே போனால் உட்புற வளையங்கள் அகலமாகவும், பிறகு ஒரு கட்டத்தில் நெருங்கியும், மறுபடி சற்று விரிந்தும் இருந்தன. விரிந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதானுங்க பக்கத்து மரத்த வெட்டியிருக்கறாங்க" என்றார் பெரியவர். புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த சாஸ்திரம் அந்த ஒரு விரல்நுனியில் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

அளவு எடுப்பதையும் அவரே விளக்கினார். தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதில் நான்கில் ஒரு பாகத்தை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். நடுச்சுற்று 1.60 மீட்டரும் நீளம் 8 மீட்டரும் உள்ள தடி என்றால், நான்கில் ஒரு பாகம் 0.40, அதன் வர்க்கம் 0.16, எட்டால் பெருக்க 1.28 கன மீட்டர். வட்டக் கணக்குப்படி பார்த்தால் அந்தத் தடியில் 1.6 கன மீட்டருக்குச் சற்று மேல் மரம் இருக்கிறது; வித்தியாசம், உருண்டையைச் சதுரமாக அறுக்கும்போது பக்கத்தில் கழியும் சிலாம்புகளுக்காக விடப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குப் பர்மாத் தேக்கை மரக்கலத்தில் கொண்டுவந்த நம்மவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடலூர்ச் சாலையில், ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்பாக, கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்றும் அதனோடு சேர்ந்த தேக்கு அருங்காட்சியகமும் இருக்கின்றன. பீச்சியில் 1975இல் தோன்றிய அந்த நிலையம் இங்கே அருங்காட்சியகத்தைத் திறந்தது 1995இல். வாயிலில், மண்ணைக் கழுவி நீக்கிய முழு வேர்த்தொகுதி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுத் தேக்கின் வேர் அது. ஆணிவேர் ஆழத்தில் நின்றுவிட, பக்க வேர்கள்தாம் நாற்புறமும் பரந்து ஓடுகின்றன. தேக்கு ஏன் வளமான வண்டல் மண்ணையும், நீர் வடியும் ஆற்றோரத்தையும் நாடுகிறது என்பதற்கு அந்த வேரைக் காட்டிலும் நல்ல உபாத்தியாயர் இல்லை.

ஆராய்ச்சிக் கூடத்தார் கவலையோடு பேசிய விஷயம் ஒரு சிறு புழுவைப் பற்றியது. முதல் மழைக்குப்பின் தேக்கு தளிர்க்கும் இதே பருவத்தில், அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் கணக்கற்றுப் பெருகி, சில நாட்களில் ஒரு தோட்டம் முழுவதையும் நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடுகின்றன. அப்படித் தாக்குண்ட தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நின்றோம். மழை இல்லை, ஆனால் சருகின் மேல் பொடிமழை பெய்வது போன்ற ஓசை இடைவிடாமல் கேட்டது. புழுக்களின் எச்சம் உதிரும் ஓசை அது. நூலிழையில் தொங்கிக்கொண்டு சில புழுக்கள் எங்கள் தோள்மீதும் இறங்கின. மரம் இதனால் சாவதில்லை. சில வாரங்களில் மறுபடியும் தளிர்த்துவிடுகிறது. அதனால்தான் இந்த நஷ்டம் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, இளந்தோட்டத்தின் ஒரு பகுதியைப் புழு அண்டாமல் காத்தும், ஒரு பகுதியை அப்படியே விட்டும், ஐந்தாண்டுகள் அளந்து பார்த்தபோது, காக்காத மரங்கள் வளர்ந்திருக்கக்கூடிய வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்திருந்தன என்று தெரிய வந்தது. ஏறக்குறைய பாதி! ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் காட்டின் வளர்ச்சியில் பெரும்பங்கு புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அளந்து பார்க்கும் வரையில் யாருக்கும் தெரியாது. விஷ மருந்தைக் காடு முழுவதும் தெளிக்கத் துணியாமல், அந்தப் புழுவை மட்டும் தாக்கிக் கொல்லும் வைரஸ் ஒன்றை இந்த விஞ்ஞானிகள் நிலம்பூரிலேயே கண்டெடுத்து, அதைப் பெருக்கித் தெளிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். வெட்டி விற்கும் காட்டிலேயே ஆராய்ச்சியும் நடக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பலமான நியாயம் எனக்குத் தெரியவில்லை. ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கு, கேட்காமலே, இத்தகைய ஆய்வுக்கு என்று ஒதுக்கப்படவேண்டும்.

இத்தனை சிறப்பையும் சொன்னபின், மனத்தை உறுத்திய விஷயத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. தேக்குத் தோட்டம் காட்டைப் போலத் தோன்றினாலும் காடு அல்ல. நாடுகாணியில் இறங்கும்போது கண்ட இயற்கை வனத்தில் ஒரு சதுர மைல் நடந்தால் எத்தனையோ வகை மரம், எத்தனையோ அடுக்கு. இங்கே ஒரே மரம், ஒரே அடுக்கு. அகன்ற தேக்கிலையில் திரண்டு சொட்டும் பெருந்துளிகள் கீழே மூடாக்கில்லாத மண்ணைக் குழிபறித்து அரிக்கின்றன; அதோடு தோட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வரிசைகளுக்கிடையே மரவள்ளியும் நெல்லும் பயிரிட அனுமதித்த வழக்கம் மண்ணை மேலும் இளக்கியது. இரண்டாம் மூன்றாம் தடவை நட்ட தோட்டங்கள் பல இடங்களில் முதல் தோட்டத்தின் வளர்ச்சியை எட்டவில்லை என்பதை வனத்துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள். இதற்கெல்லாம் மேலாக, சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும், நல்ல இயற்கைக் காட்டை மொட்டையடித்து அந்த இடத்தில் தேக்கு நட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வழக்கம் 1980களில் நின்றது. சைலன்ட் வேலி மழைக்காட்டைக் காப்பதற்காக நடந்த போராட்டம் கேரள மக்களின் கண்ணைத் திறந்ததும், 1988இல் வந்த தேசிய வனக் கொள்கையும் அதற்குக் காரணம். இன்று கேரளத்தில் இயற்கை வனத்தில் வெட்டு இல்லை. முன்பே தோட்டமாகிவிட்ட நிலத்தில்தான் நடவும் வெட்டும் நடக்கின்றன. இந்த எல்லைக்கோடு ஒருபோதும் அழியக் கூடாது. நிலம்பூருக்குக் கிழக்கே சைலன்ட் வேலி வரையிலும் முக்குருத்தி வரையிலும் ஏறிச் செல்லும் மலைக்காட்டின் ஒரு பகுதி 2020இல் கரிம்புழை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பது மனத்துக்குப் பெரிய ஆறுதல்.

அந்த மலைக்காட்டில்தான், கருளாயிக்கு அப்பால், பாறை அளைகளில் வாழ்ந்து வந்த சோழநாயக்கர் என்ற சிறு சமூகத்தார் இருக்கிறார்கள். காட்டுநாயக்கரும் பணியரும் இந்தத் தாழ்வாரத்துப் பழங்குடிகள். நம் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலும் அவர்கள் உண்டு. கனோலியின் பெயர் கல்லில் இருக்கிறது. மேனோனின் பெயர் ஏட்டில் இருக்கிறது. முதல் லட்சம் குழிகளைத் தோண்டிய கைகளுக்கு ஏட்டிலும் இடமில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தப் பழங்குடிகளுக்குக் கொடுக்கச் சொன்ன உரிமைகளை முழுமையாகக் கொடுத்துத் தீர்ப்பது, நிலம்பூரின் கணக்கில் இன்னும் பாக்கியாக நிற்கும் கடன் என்றே நான் கருதுகிறேன்.

மாலையில் கனோலித் தோட்டத்தின் பக்கம் மறுபடி போனபோது, கோழிக்கோட்டிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று மரத்தைக் கைகோத்து அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து சிறுவர்கள் சேர்ந்தும் சுற்றளவு முடியாமல் ஆறாவது பையனைக் கூவி அழைத்தார்கள். வனம் என்பது வேலி போட்டு ஜனங்களை வெளியே நிறுத்தவேண்டிய சொத்து என்று எண்ணியிருந்த இலாகா, இன்று டிக்கெட் கொடுத்து உள்ளே அழைத்து, நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு உட்கார வைத்திருக்கிறது. அப்படி வந்து போகும் ஜனங்களே நாளைக்கு இந்தக் காட்டுக்குக் காவல்.

திரும்பும்போது ஷொறணூர் செல்லும் ரயிலில் ஏறினேன். 66 கிலோமீட்டர் கொண்ட இந்தக் கிளைப்பாதை, மலைநாட்டு மரத்தை வெளியூர் கொண்டுசேர்ப்பதற்காக 1927இல் நிலம்பூரை எட்டியது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று 1941இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். மக்கள் கேட்டுக் கேட்டு 1954இல் மீண்டும் போட்டார்கள். வாணியம்பலம், மேலாற்றூர், அங்காடிப்புறம் என்று நிலையத்துக்கு நிலையம் தேக்கும் ஆலும் நிழல் பரப்ப, வண்டி பச்சைக் குகைக்குள் போவதும் வெளிவருவதுமாக ஓடுகிறது.

தேக்கு கேரளத்துக்கு மட்டும் உரியதன்று; நம் தஞ்சைத் தரணியிலும் காவிரி, கொள்ளிடப் படுகைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நமது வனத்துறை தேக்கு நட்டிருக்கிறது. கரையோரமாகப் போகும் நம்மில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருக்கிறோம்? அது யாருடைய மரம், எப்போது நட்டது, எப்போது வெட்டுவார்கள், வெட்டிய இடத்தில் மறுபடியும் நட்டார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் ஜனங்கள் இருந்தால் நடுவதும் நிற்காது. நிலம்பூருக்குப் போகும் தமிழ் வாசகர்கள் பெரிய மரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், டிப்போவையும், மழைக்காலத் தொடக்கமாக இருந்தால் நடவு நடக்கும் கூப்பு ஒன்றையும், வனத்துறையில் அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.